பயிற்சிக்குப் போன பிள்ளைக்கு யார் பொறுப்பு?

கேட்டரிங் படிப்பில் பாதியைத்தான் கல்லூரி சொல்லித் தரும். மீதியை ஓட்டல் சொல்லித் தர வேண்டும். சென்னை தரமணியிலும் திருச்சி துவாக்குடியிலும் இருக்கும் அரசு ஓட்டல் மேலாண்மை நிறுவனங்களில், மூன்றாண்டுப் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் ஏறத்தாழ 17 வாரம் ஓட்டல் பயிற்சி கட்டாயம். மற்ற கல்லூரிகளில் கால அளவு கூடும், குறையும். பயிற்சி இல்லாத படிப்பு மட்டும் கிடையாது. கிச்சன், சர்வீஸ், ஹவுஸ்கீப்பிங், ஃப்ரண்ட் ஆபீஸ் என்று நான்கு பிரிவிலும் மாறி மாறி நின்று, அன்றாடம் செய்ததை லாக் புக்கில் எழுதிக் கையெழுத்து வாங்கி வர வேண்டும். கொரோனாப் பெருந்தொற்றால் 2020 மார்ச் 24 மாலை தமிழகத்தில் 144 தடை உத்தரவு அமலாகி, மறுநாள் நாடே முடங்கியபோது, அந்தக் கையெழுத்தைப் போட ஓட்டலில் ஆள் இல்லை. அந்த ஆண்டு ஜூலையில், இறுதியாண்டு தவிர்த்த கல்லூரி மாணவர்களுக்குத் தேர்வை ரத்து செய்து தேர்ச்சி கொடுக்க அரசால் முடிந்தது. ஆனால் நூறு பேருக்கு ஒரே நேரத்தில் சுடச்சுடப் பரிமாறும் பழக்கம் அரசாணையில் வராது.

அப்போது எழுந்த விவாதமெல்லாம் பயிற்சியை நடத்துவதா, நிறுத்துவதா என்பதிலேயே சுற்றியது. அதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பயிற்சிக்குப் போன மாணவர் யாருடைய பொறுப்பு? கல்லூரியைக் கேட்டால் ஓட்டலைக் காட்டும். ஓட்டலைக் கேட்டால், அவர் எங்கள் ஊழியர் அல்ல, கல்லூரி அனுப்பிய மாணவர் என்று சொல்லும். அரசின் ஏட்டிலோ அவர் தொழிலாளியும் இல்லை, வேலையற்றவரும் இல்லை. கடைசியில் சுமை முழுவதும் குடும்பத்தின் தலையில் விழுந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் மாணவர் பயிற்சிக்குத் தரக்கூடிய முதல் ஆதரவு, ஒப்பந்தமும் உதவித்தொகையும் விபத்துப் பாதுகாப்பும் உள்ள தொழிற்பழகுநராக அந்த மாணவரைச் சட்டப்படி ஆக்குவதுதான். இதைச் செய்யாமல் நடத்தும் பயிற்சி மாணவரை ஆபத்தில் தள்ளும். இதைச் செய்யாமல் பயிற்சியை நிறுத்தினால் அவர் தொழிலே போய்விடும்.

ஓட்டல், சுற்றுலாத் துறைக்கு விழுந்த அடி சாதாரணமானதல்ல. தமிழ்நாட்டுக்கு 2019இல் வந்த உள்நாட்டுச் சுற்றுலாப் பயணிகளின் வருகை ஏறத்தாழ 49 கோடி, நாட்டிலேயே முன்வரிசை. 2020இல் அது 14 கோடியாகவும், 2021இல் பதினொன்றரைக் கோடியாகவும் இறங்கியது. இந்தியா முழுவதும் 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மூன்று மாதத்தில் மட்டும் சுற்றுலா சார்ந்த ஏறத்தாழ 1.45 கோடி வேலைகள் போயின என்று சுற்றுலா அமைச்சகத்துக்காக நடத்தப்பட்ட ஆய்வு மதிப்பிட்டது. தமிழகத்தில் விடுதிகளுக்கும் ரிசார்ட்டுகளுக்கும் செப்டம்பர் 1 வரை அனுமதி இல்லை. குற்றாலத்தில் குளிக்க டிசம்பர் நடுப்பகுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதைப் பார்த்து, இனி இந்தப் படிப்பு எதற்கு என்று பெற்றோர் நினைத்ததில் வியப்பில்லை. ஆனால் அதே கணக்கின் அடுத்த வரிகளையும் படிக்க வேண்டும். 2022இல் வருகை ஏறத்தாழ 22 கோடி. 2023இல் 28 கோடியைத் தாண்டியது. 2019இல் சேர்ந்த மாணவர் பட்டம் பெற்று வெளியே வரவேண்டிய ஆண்டு 2022, அதாவது ஓட்டல்கள் மறுபடி ஆள் தேடத் தொடங்கிய ஆண்டு. மூன்றாண்டுப் படிப்பு, துறை முடங்கிய காலத்தைவிட நீளமானது. நடுவில் கைவிட்டவர், துறை எழுந்து நின்றபோது அங்கே இல்லை.

இந்தக் கைவிடல் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி நடக்காது. சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தம் போன்ற ஊரை எடுத்துக்கொள்வோம். நாட்டின் பட்டாசில் பெரும்பகுதியைச் செய்யும் வட்டாரம் இது. வீட்டில் ஒருவராவது பட்டாசு ஆலைக்கோ தீப்பெட்டிக்கோ அச்சகத்துக்கோ போவார். வருமானம் வாரச் சம்பளம். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசை மட்டும் அனுமதித்ததிலிருந்தே, இந்தத் தொழிலையே நம்பியிருந்தால் ஆகாது என்ற எண்ணம் குடும்பங்களுக்குள் புகுந்துவிட்டது. கேட்டரிங், நர்சிங், ஐ.டி.ஐ. என்று பிள்ளைகளை வேறு வழியில் திருப்பியதற்கு அதுவும் ஒரு காரணம். 2020இல் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அடி விழுந்தது. முடக்கத்தில் ஆலை வேலை நின்றது. தீபாவளிக்குச் சில நாள் இருக்கும்போது, நவம்பர் 9 அன்று, காற்று மாசு மிகுந்த நகரங்களில் பட்டாசு விற்கவும் வெடிக்கவும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடை விதித்தது. பயிற்சிக்குச் சென்னைக்கோ கொச்சிக்கோ கொடைக்கானலுக்கோ போகும் பிள்ளைக்கு ரூம் வாடகை, பஸ் செலவு, இரண்டு செட் யூனிஃபார்ம், கறுப்பு ஷூ, கத்தி செட் எல்லாவற்றையும் வீடுதான் கொடுக்கும். அந்த வீட்டில் வாரச் சம்பளம் நின்ற நேரத்தில், பயிற்சியை முடித்துக்கொண்டு வா என்று சொல்வது வெறும் வார்த்தை. ஆலை திறந்ததும் கண்ணுக்கு முன்னால் இருக்கும் கூலிக்குப் பிள்ளை போனால், அவரைக் குறை சொல்லவும் முடியாது.

இதே முடக்கத்தில் பாதுகாக்கப்பட்ட ஒரு பிரிவு இருந்தது என்பதுதான் இந்த வாதத்துக்கு முக்கியச் சான்று. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி ஒப்பந்தம் செய்துகொண்ட அப்ரண்டிஸ்களுக்கு, முடக்க நாட்களுக்கும் முழு உதவித்தொகையைத் தர வேண்டும் என்று மத்திய திறன் மேம்பாட்டு அமைச்சகம் 2020 மார்ச் இறுதியில் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. அரசின் பங்கைத் திருப்பித் தருவதாகவும் சொன்னது. உத்தரவு எல்லா இடத்திலும் ஒழுங்காக நடந்ததா என்பது வேறு கேள்வி. பெயர் ஏட்டில் இருந்ததால்தான் அப்படியொரு உத்தரவு போடவே முடிந்தது. அதே ஓட்டலின் அதே கிச்சனில், அதே வெங்காயத்தை நறுக்கிக்கொண்டிருந்த கல்லூரிப் பயிற்சி மாணவருக்கு அந்த உத்தரவில் இடமில்லை. அந்தச் சட்டத்தில் வேறு பாதுகாப்பும் உண்டு: பயிற்சியில் காயம்பட்டால் முதலாளி ஈடு கொடுக்க வேண்டும், அனுமதியில்லாமல் கூடுதல் நேரம் வேலை வாங்கக் கூடாது. 2019 விதித் திருத்தத்துக்குப் பிறகு, 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், ஊழியர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும். பட்டப்படிப்பு நிலைப் பழகுநருக்கு அந்தத் திருத்தம் வைத்த குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 9,000 ரூபாய். கதவு ஏற்கெனவே இருக்கிறது. கல்லூரிப் பயிற்சியை அதன் வழியாக உள்ளே கொண்டுபோகத்தான் ஆளில்லை.

ஏட்டில் பெயர் இருப்பதன் அருமையைப் பட்டாசு வட்டாரத்துக்கு யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும்; அறைகளை உள்குத்தகைக்கு எடுத்து வேலை நடத்துபவர் வேறொருவராக இருப்பார். விபத்து நடந்தால் யார் முதலாளி, யார் தொழிலாளி என்பதிலேயே வழக்கு நிற்கும். 2021 பிப்ரவரி 12இல் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த வெடிவிபத்துக்குப் பிறகு இந்த உள்குத்தகை மறுபடியும் பேசப்பட்டது. கல்லூரி ஒரு ஏஜென்டிடம் சொல்ல, ஏஜென்ட் ஓட்டலிடம் சொல்ல, ஒரு கடிதத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பயிற்சிக்குப் போகும் மாணவரின் நிலையும் ஏறக்குறைய அதுதான். நல்ல காலத்தில் இந்த ஓட்டை கண்ணுக்குத் தெரியாது. பெருந்தொற்று வந்த அன்றைக்கு, அவருக்குத் தங்க இடம் கொடுப்பது யார், ஊருக்கு அனுப்ப இ-பாஸ் எடுப்பது யார், காய்ச்சல் வந்தால் மருத்துவமனைக்குக் கொண்டுபோவது யார் என்ற கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்.

முதல் மறுப்பு பணத்தைப் பற்றியது. அறை வாடகையே வராத ஓட்டல், நிரந்தர ஊழியருக்கே பாதிச் சம்பளம் தரும் ஓட்டல், மாணவருக்கு எங்கிருந்து கொடுக்கும்? நியாயமான கேள்வி. சிறு லாட்ஜ்களையும் உணவகங்களையும் பொறுத்தவரை மறுக்கவே முடியாது. அதனால்தான் பெருந்தொற்றுக் காலத்துக்கு மட்டும் அரசின் பங்கு கூட வேண்டும். தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் மத்திய அரசு தருவது உதவித்தொகையில் கால் பங்கு. அதுவும் மாதம் 1,500 ரூபாய்க்கு மேல் கிடையாது. அந்த 9,000 ரூபாய்க் கணக்கில் மீதி 7,500 ஓட்டலுடையது. பத்து மாணவரை வைத்திருக்கும் ஓட்டலுக்கு மாதம் 75,000 ரூபாய். அறைகள் காலியாகக் கிடக்கும்போது இது கனமான தொகை. அரசு முக்கால் பங்கை ஏற்றால் 22,500 ரூபாயில் முடியும். இப்படிச் செய்த நாடுகள் உண்டு. தொற்றால் நலிந்த சிறு, நடுத்தர நிறுவனங்கள் பயிற்சி இடங்களைக் குறைக்காமல் வைத்திருந்தால், ஒவ்வொரு பயிற்சி ஒப்பந்தத்துக்கும் 2,000 யூரோ தரும் திட்டத்தை ஜெர்மனி 2020 ஆகஸ்டில் தொடங்கியது. இடங்களைக் கூட்டினால் 3,000. அடுத்த ஆண்டு இரண்டையும் இரட்டிப்பாக்கியது. வேலை பாதியாகக் குறைந்தும் பயிற்சியை நிறுத்தாத நிறுவனத்துக்குப் பயிற்சி ஊதியத்தில் 75 விழுக்காட்டை அரசே ஏற்றது. கனடாவும் மாணவர் பயிற்சி ஊதியத்தில் 75 விழுக்காடு வரை, ஒருவருக்கு 7,500 டாலர் என்ற வரம்போடு, எல்லா மாணவருக்கும் விரித்தது. அவை பணக்கார நாடுகள். அந்தத் தொகையை நாம் தர முடியாது. ஆனால் நிறுவனத்தின் நட்டத்தைப் பொதுவாக ஈடுகட்டாமல், பயிற்சி இடத்தைக் காப்பாற்றியவருக்கு மட்டும் பணம் கொடுத்த அந்த முறையைப் பின்பற்றப் பணக்கார நாடாக இருக்க வேண்டியதில்லை.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. உயிரைவிடப் பயிற்சி பெரிதா? இல்லை. அதனால், போக விரும்பாத மாணவருக்கு ஆண்டு வீணாகாமல் பயிற்சியை ஒத்திப்போடும் உரிமை ஒப்பந்தத்தின் முதல் வரியாக இருக்க வேண்டும். வீட்டில் முதியவரோ நோயாளியோ இருந்தால் காரணம் கேட்காமலே அதைத் தர வேண்டும். போக விரும்புகிறவரைப் பற்றி யோசிக்கும்போது, ஆபத்தான வேலையை ஆள் கணக்கோடு நடத்துவது எப்படி என்பதற்குப் பட்டாசு ஆலையே ஓர் இலக்கணம் வைத்திருக்கிறது. வெடிமருந்து செலுத்தும் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. அறைக்கும் அறைக்கும் இடைவெளி வேண்டும். கையிருப்பில் இவ்வளவுக்கு மேல் மருந்து கூடாது. இந்த விதிகள் கடைப்பிடிக்கப்பட்ட இடத்தில் வேலையும் நடக்கிறது, ஆளும் வீடு திரும்புகிறார். மீறப்பட்ட இடங்களின் பெயர்கள் செய்தித்தாளில் வருகின்றன. ஓட்டல் கிச்சனுக்கும் இந்தப் பாடம் பொருந்தும். ஒரு ஷிஃப்ட்டுக்கு இத்தனை பயிற்சி மாணவர், ஒரு மேடைக்கு இத்தனை பேர் என்று எண்ணிக்கையை எழுதினால் மட்டும் போதாது. கல்லூரி ஆசிரியர் ஒருவர் முன்னறிவிப்பில்லாமல் போய் எண்ணிப் பார்க்கவும் வேண்டும். தடுப்பூசி வரிசையிலும் அன்றைக்குக் கோளாறு இருந்தது. 18 வயதைத் தாண்டியவர்களுக்குத் தமிழகத்தில் ஊசி தொடங்கியது 2021 மே மாதத்தில்தான். அதுவரை, தனிமைப்படுத்தலுக்கான ஓட்டல்களில் வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்களுக்குச் சாப்பாடு வைத்த இருபது வயது இளைஞருக்கு ஊசி இல்லை. பழகுநராகப் பதிவு பெற்றிருந்தால், முன்களப் பணியாளர் பட்டியலில் சேர்க்கும்படி கேட்கவாவது ஓர் ஏடு இருந்திருக்கும்.

நேரில் போக வேண்டாம், ஆன்லைனில் முடித்துக்கொள்ளலாம் என்பது மூன்றாவது யோசனை. இதில் பாதி உண்மை உண்டு. முன்பதிவு மென்பொருள், உணவுச் செலவுக் கணக்கு, உணவுப் பாதுகாப்பு விதிகள் ஆகியவற்றைத் திரையிலேயே கற்கலாம். மத்திய சுற்றுலா அமைச்சகம் 2020 ஏப்ரல் முதல் நடத்திய இணையவழிக் கருத்தரங்குகள் பல ஊர்களை மாணவர்களுக்கு அறிமுகம் செய்தன. ஆனால் ஹவுஸ்கீப்பிங்கில் காலியான ஓர் அறையைத் தயார் செய்வதைப் பாருங்கள். பழைய விரிப்பை உதறக் கூடாது. ஓரங்களை உள்பக்கமாக மடித்து, உடம்பில் படாமல் சுருட்டி, நேராகப் பையில் போட வேண்டும். புது விரிப்பின் நடுமடிப்பு கட்டிலின் நடுவில் விழ வேண்டும். நான்கு மூலையும் ஒரே கோணத்தில் மெத்தைக்கு அடியில் போக வேண்டும். குளியலறையில் கழிப்பறைக்கு ஒரு துணி, வாஷ்பேசினுக்கு வேறு துணி. கிருமிநாசினியைத் தெளித்த உடனே துடைத்தால் பயனில்லை, சில நிமிடம் ஊற விட வேண்டும். இத்தனையும் ஏறத்தாழ அரை மணி நேரத்தில் முடிந்தால்தான் ஒரு ஷிஃப்ட்டில் பதினான்கு, பதினைந்து அறை பார்க்க முடியும். வீடியோவில் இது மூன்று நிமிடப் பாடம். பத்தாவது அறையில், இடுப்பு வலிக்கும்போதும் மூலை அதே கோணத்தில் மடிகிறதா என்பதைத் திரையில் பழக முடியாது. தொற்றுக் காலத்தில் இந்த ஒழுங்கு விருந்தினரின் உயிரையே காப்பது என்பதால், ஆன்லைன் சான்றிதழ் மட்டும் வைத்திருப்பவரை அறைக்குள் விடுவது இன்னும் தவறு.

அப்படியானால் ஓட்டல் பூட்டியிருக்கும்போது எங்கே போய்ப் பழகுவது? நட்சத்திர ஓட்டல் பூட்டியிருந்த நாட்களிலும் தமிழ்நாட்டில் அடுப்பு அணையவில்லை. உணவகங்கள் பார்சல் கொடுத்தன. அம்மா உணவகங்கள் ஓடின. மருத்துவமனைச் சமையற்கூடங்கள் இரவு பகலாக இயங்கின. சென்னையில் சில ஓட்டல்கள் மருத்துவர்களும் செவிலியர்களும் தங்கும் இடமாயின. 2021 மே மாதத்தில் கோயில்களின் அன்னதானக் கூடங்களிலிருந்து உணவுப் பொட்டலங்கள் மருத்துவமனைகளுக்குப் போயின. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் கேன்டீன் வேண்டும் என்பது அப்போதைய சட்டம். விருதுநகர் மாவட்டத்திலேயே ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலுக்கும் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கும் வரும் கூட்டம் உண்டு. பட்டாசுக்கும் காலண்டருக்கும் ஆர்டர் கொடுக்க வருகிற வெளிமாநில வியாபாரிகளை நம்பிச் சிவகாசியில் லாட்ஜ்கள் உண்டு. இவை நட்சத்திர ஓட்டலுக்கு ஈடாகுமா என்றால், ஃப்ரெஞ்சுச் சமையலிலும் மதுக்கூடச் சேவையிலும் ஆகாது. ஐந்து டிகிரிக்குக் கீழே அல்லது அறுபது டிகிரிக்கு மேலே உணவை வைக்கும் ஒழுக்கம், ஐந்நூறு பேருக்கு அளவு போடுவது, வீணாவதைக் கணக்கெடுப்பது ஆகியவற்றில், ஆள் குறைந்த நட்சத்திர ஓட்டலைவிட இங்கே கூடுதலாகவே கிடைக்கும். வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் இருப்பதால் வாடகையும் மிச்சம், தொற்றைச் சுமந்துகொண்டு ஊர் மாறும் ஆபத்தும் குறைவு. இலவச உழைப்பாக இது சீரழியாதா என்று கேட்கலாம். ஒப்பந்தமும் உதவித்தொகையும் இல்லையென்றால் நிச்சயம் சீரழியும். எந்த இடத்துக்கு அனுப்பினாலும் முதலில் ஏட்டில் பெயர் ஏற வேண்டும் என்று சொல்வது அதனால்தான்.

தொழில் பழகுவதற்காக ஊரை விட்டுப் போவதன் மதிப்பு சிவகாசிக்குத் தெரியும். பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் 1920களின் தொடக்கத்தில் கல்கத்தா போய், தீப்பெட்டி செய்யக் கற்றுத் திரும்பியதிலிருந்துதான் இந்த ஊரின் தொழில் வரலாறு தொடங்குகிறது. மழையும் விளைச்சலும் பொய்த்த வறண்ட பூமிக்கு அந்தப் பயிற்சி ஒரு வாழ்வைக் கொடுத்தது. ஆனால் அந்த உதாரணத்தைக் காட்டி, உழைக்கும் மனம் இருந்தால் பிள்ளைகள் தாமாகவே கற்றுக்கொள்வார்கள் என்று சொல்லிவிட முடியாது. துணிந்து போன இருவரின் கதை நமக்குத் தெரியும். போக முடியாமல் நின்றவர்களின் கணக்கு எங்கும் எழுதப்படவில்லை. ஒரு மாநிலத்தின் பயிற்சிக் கொள்கை, துணிச்சலும் வசதியும் உள்ளவரை நம்பி எழுதப்படக் கூடாது.

பெருந்தொற்று முடிந்துவிட்டதே, இப்போது இந்தப் பேச்சு எதற்கு என்பது கடைசி மறுப்பு. விதியை எழுத ஏற்ற காலம் அமைதியான காலம்தான். கேரளத்தில் நிபா 2018இல் வந்து 2023இல் மறுபடியும் வந்தது. 2023 டிசம்பர் மழையில் தூத்துக்குடியும் திருநெல்வேலியும் நாள்கணக்கில் தத்தளித்தன. பயிற்சி நடுவில் நிற்பதற்குக் கொரோனாவே வரவேண்டியதில்லை. நல்ல மாற்றங்களும் நடந்திருக்கின்றன. முக்கியமாகப் பொறியியலுக்கு இருந்த தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டத்தைக் கலை, அறிவியல், வணிகப் பட்டதாரிகளுக்கும் விரிக்க 2021 நவம்பரில் மத்திய அமைச்சரவை 3,054 கோடி ரூபாய் ஒதுக்கியது. தமிழக அரசு 2022 மார்ச்சில் ‘நான் முதல்வன்’ திறன் மேம்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. ஆனால் இந்தக் கவனம், படிப்பின் நடுவில் ஓட்டல் பயிற்சிக்குப் போகிறவருக்கும் கிடைக்க வேண்டும்.

செய்ய வேண்டியது அதிகமில்லை. பல்கலைக்கழகம், ஒப்பந்தமில்லாத ஓட்டல் பயிற்சிக்கு மதிப்பெண் இல்லை என்று ஒரு விதி எழுத வேண்டும். அந்த ஒப்பந்தத்தில் ஒத்திப்போடும் உரிமையும் தங்கும் இடமும் காப்பீடும் பெயரோடு பொறுப்பான ஆளும் இருக்க வேண்டும். மாநில அரசு, பேரிடர் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து உதவித்தொகையில் தன் பங்கு தானாகவே கூடும்படி ஓர் ஆணை பிறப்பித்து வைக்க வேண்டும். 1971இல் தொடங்கப்பட்டு, ‘ஹோட்டல் தமிழ்நாடு’ விடுதிகளை நடத்திவரும் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம், தனியார் பூட்டினாலும் தன் விடுதிகளில் இத்தனை பயிற்சி இடம் திறந்திருக்கும் என்று உறுதி தர வேண்டும். மருத்துவமனை, கோயில், தொழிற்சாலைச் சமையற்கூடங்களில் பயிற்சிக்குத் தகுதியானவற்றை மாவட்ட நிர்வாகம் இப்போதே பட்டியலிட்டு வைக்க வேண்டும். இதற்காகும் செலவு, பாதியில் நின்ற ஒரு படிப்புக்குக் குடும்பம் ஏற்கெனவே கட்டிய கட்டணத்தோடு ஒப்பிட்டால் சிறியது. அடுத்த முறை ஓட்டல்கள் பூட்டப்படும்போது, விஸ்வநத்தத்திலிருந்து பயிற்சிக்குப் போன மாணவரின் பெற்றோர் யாருக்கு போன் போட வேண்டும் என்பது அந்த ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.